மாலை கழற்றிய மறுநாள்: சிறு வெற்றிகளும் உடல்நலப் பழக்கங்களும், தாமிரபரணிக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

நாள்பட்ட நோய்களைத் தடுப்பதிலும் கட்டுக்குள் வைப்பதிலும் அன்றாடப் பழக்கங்களுக்கு மருந்துக்கு நிகரான இடம் உண்டு என்பதில் மருத்துவ உலகில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அப்பழக்கங்களை ஒருவர் எப்படித் தொடங்குகிறார், எதனால் தொடர்கிறார், எந்த இடத்தில் கைவிடுகிறார் என்ற கேள்விகளுக்கு மருத்துவத்தைவிட உளவியலும் ஊர்களின் வாழ்க்கை முறையுமே கூடுதலாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மேற்கொண்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு, நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேரிடமும் நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், பீடி சிகரெட்டை விட வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒருமுறையேனும் சொல்லியிருப்பார். சொல்லப்பட்டதற்கும் செய்யப்பட்டதற்கும் நடுவே உள்ள தொலைவுதான் ஆய்வுக்குரியது. அத்தொலைவைக் கடக்கச் சிறு வெற்றிகள் உதவும் என்ற கருத்து கடந்த ஐம்பது ஆண்டுகளில் வலுப்பெற்று வந்துள்ளது. அக்கருத்து எந்த அளவுக்கு மெய், எங்கே அது தளர்கிறது என்பதைத் திருநெல்வேலியையும் தாமிரபரணிக் கரை ஊர்களையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த ஆற்றின் கரையில், கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களே நெடுங்காலம் மனித உடலின் உழைப்பையும் ஓய்வையும் வகுத்து வந்தன. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் அறுப்பதும் கட்டுச் சுமப்பதும் பிழைப்பாக இருந்த காலத்தில் உடற்பயிற்சி என்ற தனிச்செயலுக்குத் தேவையே எழவில்லை. வயலுக்குப் போய்வரும் நடையே பெரும்பாலோர்க்குப் போதுமானதாக இருந்தது. நடவிலும் அறுவடையிலும் இயந்திரம் நுழைந்து, தெருவுக்குத் தெரு இருசக்கர வாகனம் வந்து, வேலை கடைக்கும் அலுவலகத்துக்கும் இடம்பெயர்ந்த பின்னர், முன்பு வாழ்க்கைக்குள் கரைந்திருந்த அசைவைத் தனியே பிரித்தெடுத்து, நேரம் ஒதுக்கி, மனம்வைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. பழக்கமாக இருந்த ஒன்று தீர்மானமாக மாறிய இந்த இடத்தில்தான் ஊக்கம் என்ற சிக்கல் பிறக்கிறது. சோற்றின் அளவு மட்டும் உழவுக்காலத்து அளவிலேயே நின்றுபோனது வேறு கதை.

சிறு வெற்றி என்று இங்கே குறிக்கப்படுவது எளிய செயல் எதையும் அன்று. தொடங்கிய அன்றே அல்லது ஓரிரு நாளுக்குள் முடியக்கூடியதாகவும், முடிந்தது என்று ஐயமின்றித் தெரியக்கூடியதாகவும், செய்தவரின் முயற்சியால்தான் நிகழ்ந்தது என்று அவரே ஒப்புக்கொள்ளக்கூடியதாகவும் உள்ள செயலே இக்கட்டுரையில் சிறு வெற்றி எனப்படும். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதே பின்னர் மிகுந்த கவனத்தைக் கேட்கப் போகிறது.

இக்கருத்தின் வேர் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த கோட்பாட்டில் இருக்கிறது. ஒரு செயலால் நன்மை விளையும் என்று அறிவது வேறு, அச்செயலைத் தன்னால் செய்ய முடியும் என்று நம்புவது வேறு என்று பிரித்துக் காட்டிய அவர், இந்த இரண்டாவது நம்பிக்கையே ஒருவர் முயல்வதையும் தடைவந்தபோது விடாமல் நிற்பதையும் தீர்மானிக்கிறது என்றார். தமிழில் இதைத் தன்திறன் நம்பிக்கை எனலாம். அது நான்கு வழிகளில் வளர்கிறது என்பது அவர் கருத்து: தானே செய்து பார்த்த கைகண்ட அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், செயலின்போது உடலும் மனமும் உணரும் நிலை. இவற்றுள் கைகண்ட அனுபவத்துக்கே வலிமை அதிகம். நடைப்பயிற்சியின் பயன்களைப் பட்டியலிடும் சுவரொட்டி முதல்வகை அறிவைத் தருமே தவிர, நேற்று நடந்த காலுக்கு இன்று கிடைக்கும் துணிவைத் தராது.

இதனை அடுத்து, பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கணக்கில் பின்தங்கி, அதில் ஆர்வமும் இழந்திருந்த சிறுவர்களுக்குக் கழித்தல் கணக்குகள் அடங்கிய 42 பக்கங்கள் தரப்பட்டன. ஒரு பிரிவினரிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் என்ற அண்மை இலக்கும், இன்னொரு பிரிவினரிடம் ஏழு அமர்வுகளின் முடிவில் 42 பக்கம் என்ற தொலைவு இலக்கும் முன்வைக்கப்பட்டன. மொத்த வேலை ஒன்றே. ஆனால் அண்மை இலக்குப் பிரிவினரே கணக்கிலும் தன்னம்பிக்கையிலும் முன்னேறியதோடு, யாரும் சொல்லாதபோதும் கணக்குப் போட விரும்புவோராக மாறியிருந்தனர். தொலைவு இலக்கு மட்டும் பெற்றவர்களின் நிலை, இலக்கே பெறாதவர்களின் நிலையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. மூன்றாண்டு கழித்து, 1984-இல், கார்ல் வீக் என்ற அமைப்பியல் அறிஞர், சமூகச் சிக்கல்களையும் அளவுக்கு மீறிப் பெரிதாக வரையறுப்பதே மனிதர்களைச் செயலற்றவர்களாக்குகிறது என்றும், சிறு வெற்றிகளாகப் பிரித்துக்கொண்டால் பதற்றம் தணிந்து அறிவு வேலை செய்யும் என்றும் எழுதினார். நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணும் காலும் சிறுநீரகமும் போய்விடும் என்ற அச்சத்தில் உறைந்து நிற்கும் ஒருவருக்கு வீக்கின் கூற்று பொருந்துவது வெளிப்படை.

ஆயினும் உடல்நலத்தில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. கழித்தல் கணக்கின் விடை அப்போதே தெரிந்துவிடும். நடையின் விடை அப்படித் தெரிவதில்லை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டு பின்தொடர்ந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர்களாயினர். நாள்தோறும் அரை மணி நேரமாவது நடப்பதையும் உணவு மாற்றத்தையும் கைக்கொண்டவர்களில் இது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களிடமும் ஏறத்தாழ இதே அளவு பயனே காணப்பட்டது. இந்த ஆய்வில் ஊக்கம் பற்றிய கேள்விக்கு முக்கியமான செய்தி வேறொன்று. வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களின் உடல் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போனது. நாள்தோறும் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று தன் முயற்சியை அளந்த ஒருவர், உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கும்போதே, தான் தோற்றுவிட்டதாக முடிவுகட்டி நடையை நிறுத்தியிருக்கக்கூடும். இரத்த அழுத்தம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்னும் பரிசோதனையோ பெயருக்கேற்ப மூன்று மாதத்தின் கதையைத்தான் சொல்லும். ஆகவே உடல்நலப் பழக்கத்தில் வெற்றியாக எண்ணப்பட வேண்டியது உடலில் விளைந்த மாற்றம் அன்று, செய்து முடித்த செயலே.

செயலை எந்த அளவுகோலால் எண்ணுவது என்பது அடுத்த கேள்வி. உலகெங்கும் பரவியுள்ள 10,000 காலடி என்ற எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று; 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் காலடி எண்ணும் கருவிக்குச் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்தது. அது ஏறத்தாழ அதே 10,000 காலடித் தொலைவு. பழகியவர்க்கு அது நல்ல இலக்கு. பழகாதவர்க்கு அது பண்டூராவின் சிறுவர்கள் முன் வைக்கப்பட்ட 42 பக்கம். காலடி எண்ணும் கருவிகள் பற்றிய 26 ஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், கருவி அணிந்தவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 2,500 காலடி கூடுதலாக நடந்தனர் என்றும், இன்ன அளவு என்று இலக்கு வைத்துக்கொள்ளாதவர்களிடம் இந்த உயர்வு காணப்படவில்லை என்றும் கண்டனர். கருவி ஊக்கம் தருவதில்லை. கருவி காட்டும் எண் ஓர் இலக்கைத் தொடும்போது ஊக்கம் பிறக்கிறது. ஐ-மின் லீயும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 காலடிக்கு மேல் பயன் கூடவில்லை. இது உற்றுநோக்கல் ஆய்வு என்பதால் நடையே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் அந்த இரு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் 1,700 காலடிதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை உள்ளூர் அளவில் பார்ப்போம். நெல்லையப்பர் கோயிலின் நீளம் 850 அடி என்றும் அகலம் 756 அடி என்றும் சொல்லப்படுகிறது. அக்கணக்கில் மதிலைச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். அதற்கு வெளியே நான்கு ரத வீதிகளையும் ஒருமுறை சுற்றி வந்தால் அந்த 1,700 காலடி பெரும்பாலும் நிறைந்துவிடும். சுற்று என்பது இவ்வூரார்க்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய அளவு அன்று. தொடங்கிய இடத்திலேயே முடிவதாலும், பாதியில் நிறுத்தினால் எப்படியும் வீட்டுக்குத் திரும்பி நடந்தே ஆக வேண்டியிருப்பதாலும், வலம்வருதலில் முடித்தோம் என்ற நிறைவு ஏற்கெனவே அடங்கியிருப்பதாலும், கைப்பேசியில் ஓடும் எண்ணைவிட அது சிறந்த அலகு. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடப்பவர்களும் கிலோமீட்டரால் அன்றி ரவுண்டுகளால் கணக்குச் சொல்வதற்கு இதுவே காரணமாகலாம்.

இதுவரை கூறியவை சிறு வெற்றிக் கோட்பாட்டுக்குச் சார்பானவை. தாமிரபரணிக் கரையின் வாழ்க்கையோ இக்கோட்பாட்டுக்கு ஒரு கடினமான கேள்வியை முன்வைக்கிறது. கால எல்லை குறித்த கட்டுப்பாட்டை மேற்கொண்டு அதை வென்று முடிப்பதில் இம்மக்கள் சிறிதும் பயிற்சியற்றவர்கள் அல்லர். கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை அணிபவர் 41 நாள் வரை புலால், மது, பீடி, சிகரெட் அனைத்தையும் ஒதுக்கி, விடியலுக்கு முன் எழுந்து ஆற்றிலோ கிணற்றடியிலோ குளிர்ந்த நீரில் குளித்து, செருப்பின்றி நடக்கிறார். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் நோன்பிருந்து திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் கண்டு முடிப்போர் ஆயிரக்கணக்கில் உண்டு. தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு அறுபது கிலோமீட்டர் அளவுக்குப் பச்சை ஆடை உடுத்தி நடந்து செல்வோரும் அவ்வாறே. மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் முழுதும் பகலில் நீரும் பருகாதவர்களுள் புகைப்பழக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கிறித்தவர்களுக்குத் தவக்காலம் இருக்கிறது. மூன்று சமயத்தாரும் ஆண்டுக்கொரு முறையேனும் தம்மால் முடியும் என்பதைத் தமக்கே மெய்ப்பித்துக்கொள்கிறார்கள். பண்டூராவின் கணக்குப்படி இது கைகண்ட அனுபவம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அனுபவம். எனில், மாலையைக் கழற்றிய மறுநாள் பீடிக்கட்டு மீண்டும் சட்டைப்பைக்கு வருவது ஏன்?

உடலின் தேவை என்று இதற்கு எளிதாக விடை சொல்லிவிட முடியாது. நிகோடின் நிறுத்தப்பட்டால் எழும் எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு ஆகியன முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடுகின்றன. 41 நாள் கழிந்தவரின் உடல் பீடியிலிருந்து ஏறக்குறைய விடுபட்டுவிட்டது என்றே கொள்ளலாம். கடினமான பகுதி முடிந்த பிறகு ஒருவர் திரும்பிச் செல்கிறார் என்பதே இங்கே விளக்கப்பட வேண்டியது.

மூன்று காரணங்கள் புலப்படுகின்றன. இலக்கை நெருங்க நெருங்க விசை கூடும் என்பதை 1932-இலேயே கிளார்க் ஹல் கருதுகோளாக முன்வைத்து, பின்னர் எலிகளைக் கொண்டு காட்டினார். 2006-இல் ரான் கிவெட்ஸும் உடன் ஆய்ந்தோரும், பத்து முறை காப்பி வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் அட்டை வைத்திருந்தவர்கள் அட்டை நிறைய நிறைய விரைந்து வாங்கியதையும், பரிசு கிடைத்தவுடன் வேகம் பழையபடி தளர்ந்ததையும் பதிவு செய்தனர். விரதத்துக்கு வலிமை தரும் முடிவு நாளே, அதன் பின் வரும் வெறுமைக்கும் காரணமாகிறது. அடுத்தது சூழல். மாலையணிந்தவரை மனைவியும் பிள்ளைகளும் டீக்கடைக்காரரும் 'சாமி' என்றே அழைக்கிறார்கள். சாமியிடம் பீடி நீட்ட யாருக்கும் கை வராது. மாலை கழன்றதும் அவர் பழைய பெயருக்கும் பழைய டீக்கடை பெஞ்சுக்கும் திரும்புகிறார், அங்கே எல்லாத் தூண்டுதல்களும் அப்படியே காத்திருக்கின்றன. பழக்கம் என்பது மன உறுதியைவிட இடத்தோடும் நேரத்தோடும் பிணைந்தது என்று வெண்டி வுட் முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மூன்றாவது காரணம் நுட்பமானது. ஒரு வெற்றிக்குக் காரணமாக ஒருவர் எதைக் கருதுகிறாரோ அதைப் பொறுத்தே அவ்வெற்றி எதிர்காலத்துக்கு ஊக்கம் தரும் என்பது பெர்னார்டு வைனர் வளர்த்தெடுத்த காரணம் சாற்றல் கோட்பாட்டின் சாரம். தன் முயற்சி காரணம் என்றால் அது நாளையும் கைவசம் இருக்கும். வெளியிலிருந்து வந்த துணை காரணம் என்றால் துணை விலகும்போது வெற்றியும் விலகும். 41 நாள் புகைக்காதிருந்தவர் அதை ஐயப்பனின் அருளுக்கும் மாலையின் வலிமைக்கும் உரியதாக்குகிறார். பக்தியின் இயல்பு அதுவே. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் உளவியல் நோக்கில், பெரும் வெற்றி ஒன்று நிகழ்ந்தும் அது செய்தவரின் கணக்கில் வரவு வைக்கப்படாமல் போகிறது. சிறு வெற்றியின் வரையறையில் மூன்றாவதாகச் சொல்லப்பட்ட உரிமை இங்கே இல்லை. விரதத்தைத் தாழ்த்துவது இவ்வாதத்தின் நோக்கமன்று. மாறாக, புகையை விடவைக்க முயலும் மருத்துவர் ஒருவர் ஆண்டின் பிற மாதங்களில் பேசும் பேச்சைவிட, மாலை கழற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்னர் பேசும் பேச்சுக்குப் பயன் அதிகம் இருக்கும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவு. "இத்தனை நாள் விட்டது நீங்கள்தான்" என்ற ஒரு வாக்கியம் அப்போது சொல்லப்பட வேண்டும். வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்தநாள் போன்ற கால எல்லைகளில் மனிதர்கள் புதிதாகத் தொடங்க முனைகிறார்கள் என்று 2014-இல் ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் காட்டினர். கார்த்திகை முதல் நாளுக்கு அவ்வாற்றல் இருப்பது எல்லாரும் அறிந்தது. விரதம் முடிந்த மறுநாளுக்கும் அவ்வாற்றலை ஊட்ட யாரும் முயன்றதாகத் தெரியவில்லை.

கால எல்லை பற்றிப் பேசும்போது சித்த மருத்துவத்தின் மண்டலக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது முதல் இப்பகுதி சித்த மருத்துவக் கல்விக்கு முதன்மையான இடமாக இருந்து வருகிறது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மருந்துண்டு பத்தியம் காப்பது அம்மரபில் வழக்கம். பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 தன்னார்வலர்களைக் கொண்டு 12 வாரம் ஆய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதனோடு ஒப்பிடத்தக்கது. காலை உணவுக்குப் பின் ஒரு குவளை நீர், இரவு உணவுக்கு முன் சிறு ஓட்டம் என்பன போன்று அவரவர் தேர்ந்துகொண்ட செயல், யோசிக்காமலே நிகழும் தானியங்கு நிலையை எட்ட எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆனால் அது ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 48 என்ற எண் இந்த வரம்புக்குள் அடங்குவதைக் கொண்டு மரபை மெய்ப்பித்துவிட்டதாக மகிழ்வது அவசர முடிவாகும், ஏனெனில் அவ்வரம்பு ஏறத்தாழ எந்த எண்ணையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. ஆய்வில் உண்மையிலேயே பயன்மிக்க செய்தி, இடையில் ஒரு நாள் தவறியவர்களின் பழக்கம் அதனால் குறிப்பிடும்படி பின்னடையவில்லை என்பதே.

விரதத்தின் இலக்கணமும் பழக்கத்தின் இலக்கணமும் முரண்படும் இடம் இது. விரதத்தில் ஒரு நாள் தவறினால் விரதமே கெட்டது என்ற உணர்வு பெரும்பாலோரிடம் உண்டு. அவ்வுணர்வு அந்தக் குறுகிய காலத்துக்குக் காவலாகவும் இருக்கிறது. அதே மனப்பான்மையை வாழ்நாள் முழுவதும் நீள வேண்டிய நடைக்கோ உணவுக் கட்டுப்பாட்டுக்கோ கொண்டுவந்தால் அது கேடாக முடிகிறது. குடியை விட்டவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட், ஒருமுறை சறுக்கியவரை முழு வீழ்ச்சிக்குத் தள்ளுவது அந்த ஒரு கோப்பை அன்று, 'எல்லாம் போயிற்று' என்று அவர் தன்னைப் பற்றிக் கொள்ளும் முடிவே என்று 1985-இல் விளக்கினார். பங்குனியில் கல்யாண வீட்டுச் சொதிச் சாப்பாட்டில் கட்டுப்பாடு குலைந்தவர், அன்று இரவே பழைய அளவுச் சோற்றுக்குத் திரும்பிவிட்டு அடுத்த நல்ல நாள் வரை காத்திருப்பது இந்த முடிவின் உள்ளூர் வடிவம்.

சிறு வெற்றியே எதிராகத் திரும்புவதும் உண்டு. அயலெட் ஃபிஷ்பாக்கும் ரவி தரும் 2005-இல் நடத்திய ஆய்வில், எடை குறைப்பில் தாம் நல்ல முன்னேற்றம் கண்டிருப்பதாக உணர வைக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆப்பிளை விட்டுச் சாக்லேட்டைத் தேர்ந்தனர். அவ்வாறு உணர வைக்கப்படாதவர்களில் அது 58 விழுக்காடுதான். முன்னேற்றத்தை ஈட்டிய வரவாகக் கருதுபவர் அதைச் செலவிட உரிமை உண்டு என்று எண்ணுகிறார். தன் உறுதியின் அடையாளமாகக் கருதுபவரோ மேலும் உறுதியடைகிறார். மாலையில் நான்கு ரத வீதியையும் சுற்றி முடித்த களைப்பு கீழ ரத வீதி அல்வாக் கடைக் கூட்டத்தில் போய் நிற்பதற்கு நியாயமாகிவிடக்கூடாது என்று நெல்லைக்காரர்களிடம் வலியுறுத்துவது வீண்வேலை என்றாலும், நூறு கிராம் அல்வாவில் உள்ள சர்க்கரையையும் நெய்யையும் ஒரு சுற்று நடையால் ஈடுசெய்ய முடியாது என்ற எண்கணிதத்தையாவது சொல்லி வைக்கலாம்.

பரிசு கொடுத்து ஊக்குவிப்பதிலும் இதே இருமுனை இருக்கிறது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது பின்னர் அவர்களின் ஆர்வம் குறைந்தது என்று மார்க் லெப்பரும் உடன் ஆய்ந்தோரும் 1973-இல் கண்டனர். இதற்கு நேர்மாறாக, ஆர்வமே இல்லாத செயலில் முதல் அடி எடுத்துவைக்கச் சிறு பரிசு உதவும் என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. 2021-இல் கேட்டி மில்க்மன் தலைமையில் வெளியான பேராய்வு இவ்வாதங்களை ஒரே தராசில் நிறுத்திப் பார்த்தது. அமெரிக்க உடற்பயிற்சிக்கூடங்களின் 61,293 உறுப்பினர்களிடம் நான்கு வார கால அளவுள்ள 54 வகை ஊக்கத் திட்டங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 45 விழுக்காட்டுத் திட்டங்கள் வாராந்தர வருகையை 9 முதல் 27 விழுக்காடு வரை உயர்த்தின. நான்கு வாரம் முடிந்த பின்னரும் தெளிவாகத் தெரியும்படி மாற்றம் நிலைத்தது 8 விழுக்காட்டுத் திட்டங்களில் மட்டுமே. மாலை கழற்றிய மறுநாள் என்ற சிக்கல் நெல்லைக்கு மட்டும் உரியதன்று என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல இயலாது. எல்லாவற்றினும் சிறந்து விளங்கிய திட்டம் எது என்பது இன்னும் கருதத்தக்கது: இடைவிடாமல் வந்தவர்களைப் பாராட்டிய திட்டம் அன்று, ஒரு நாள் தவறவிட்டபின் மீண்டும் வந்தவர்களுக்கு மிகச் சிறு தொகையைக் கூடுதலாக அளித்த திட்டம். திரும்பி வருவதையே தனி வெற்றியாக எண்ணியது அத்திட்டத்தின் நுட்பம். தொடர்ச்சி அறுந்தால் எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்கும் கைப்பேசிச் செயலிகள் இதற்கு நேர் எதிரான பாடத்தைக் கற்பிக்கின்றன.

சிறு வெற்றியின் அளவை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு, தாமிரபரணியின் கிளையாறான சிற்றாற்றின் வடிநிலத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தின் பணி ஒரு விடை தருகிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது தண்டுவடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அந்நிறுவனம், வளர்ச்சித் தாமதமும் உடற்குறையும் உள்ள குழந்தைகளுக்கு அவர்களின் வீடுகளுக்கே பணியாளர்களை அனுப்பிப் பெற்றோர்க்கும் பயிற்சி தரும் முறையைக் கைக்கொண்டிருக்கிறது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மறுவாழ்வுப் பயிற்சியில் கழுத்து நிற்பது, குப்புற விழுவது, பிடித்துக்கொண்டு உட்காருவது என்று ஒவ்வொன்றும் தனி இலக்கு. அவ்விலக்குப் பொதுச் சராசரியிலிருந்து எடுக்கப்படுவதில்லை, அக்குழந்தை நேற்று இருந்த நிலையிலிருந்து எடுக்கப்படுகிறது. 1968-இல் கிரெசுக், ஷெர்மன் ஆகியோர் வகுத்த இலக்கடைவு அளவுகோலும் இதே கருத்தை ஐந்து படிகளாக முறைப்படுத்தியது. இங்கே கவனிக்க வேண்டியவர் குழந்தையைக் காட்டிலும் தாய். மாதக்கணக்கில் ஒரே பயிற்சியைச் செய்விக்கும் அவருக்கு, பிறர் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லிக் குறித்துவைக்கும் இன்னொருவர் வந்துபோவதே தொடர்வதற்கான ஊக்கம். சாட்சி இல்லாத சிறு வெற்றி எளிதில் மறைந்துவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருவதில், அத்தகைய சாட்சியாகும் வாய்ப்பு பெரிதும் அடங்கியிருக்கிறது. அவர்கள் கையில் உள்ள பதிவேட்டில் எண்களோடு சென்ற மாதத்துச் செயலும், அது இடையில் அறுந்ததும், மீண்டும் தொடங்கப்பட்டதும் இடம்பெறுமானால் திட்டத்தின் பயன் கூடும். மாத்திரை வழங்குவதோடு வருகை முடிந்துவிட்டால், நோய் கட்டுக்குள் இருப்பது மாத்திரையின் வெற்றியாகவே நோயாளிக்குத் தோன்றும். காரணம் சாற்றல் பற்றி முன்னர்ச் சொன்னது இங்கும் பொருந்தும்.

இத்தன்னார்வலர்கள் போகும் வீடுகளில் பல, பீடி சுருட்டும் வீடுகள். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பெண்கள் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிறு வெற்றியின் புற அடையாளங்கள் யாவும் அவ்வேலையில் இருக்கின்றன: சிறிய அலகு, உடனுக்குடன் முடிவு, கண்முன்னே உயரும் எண்ணிக்கை. ஆயினும் அது அவர்களின் உடலுக்கு எந்த ஊக்கத்தையும் தருவதில்லை, ஏனெனில் அளவை வகுப்பதும் கழிவு என்று ஒதுக்குவதும் பிறர் கையில். ஆயிரம் சுருட்டப் பத்து மணி நேரம் எடுக்கும் ஒருவருக்கு அரை மணி நேர நடை என்பது 50 பீடி, அதாவது 25 வீதம் இரண்டு கட்டு. ஊக்கம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை தன் நேரத்தின் மீது ஓரளவு அதிகாரம் உள்ளவர்களை வைத்தே நடத்தப்பட்டவை. இலண்டனின் தன்னார்வலர்களுக்கும் அமெரிக்க உடற்பயிற்சிக்கூட உறுப்பினர்களுக்கும் அந்த இரண்டு கட்டுக் கணக்கு இல்லை. இப்பெண்களிடம் சிறு வெற்றி என்னும் கருத்து பயன்பட வேண்டுமானால், ஒவ்வொரு நான்கு கட்டுக்கும் ஒருமுறை எழுந்து முற்றம் வரை நடந்து இடுப்பை நிமிர்த்தி வருவது போல, சுருட்டும் வேலையின் எண்ணிக்கைக்குள்ளேயே உடலின் எண்ணிக்கையும் செருகப்பட வேண்டும். அந்த இரண்டு கட்டின் கூலியை யார் ஏற்பது என்பது அதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. அது உளவியலின் கேள்வி அன்று, கூலியின் கேள்வி.